குரைக்காத நாயோடு குடித்தனம்: அகிதா வாங்கும் முன் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்

எங்கள் வீடு கடலூர் புதுப்பாளையத்தில். வாசலில் ஒரு இரும்பு கேட், அதன் கொண்டி சரியாக விழாது, விழாமலே 20 வருஷம் ஓட்டியாயிற்று. பால்காரர், பூக்காரம்மா, சிலிண்டர் போடும் தம்பி, சீட்டுப் பணம் வாங்க வரும் அக்கா என்று எல்லாரும் கேட்டைத் தள்ளிக்கொண்டு திண்ணை வரைக்கும் வருவார்கள், உரிமை உள்ளவர்கள் கிணற்றடி வரைக்குமே வருவார்கள். அகிதா என்ற ஜப்பான் நாய் வந்த முதல் வாரம் நான் செய்த முதல் செலவு அந்தக் கொண்டிதான். சாப்பாட்டுத் தட்டு, பெல்ட், படுக்கை எல்லாம் அப்புறம். உங்கள் வீட்டு கேட் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி சினிமா பார்த்து உருகி வாங்கிய குட்டி அது. ஃபிளாட்டில் வளர்த்தான். லிஃப்ட் கதவு திறந்து எதிரே இன்னொரு நாய் நின்றால் இது சிலையாகிவிடுகிறது, இழுத்தாலும் வரமாட்டேன் என்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லி 7 மாதக் குட்டியைக் காரில் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். சான்றிதழில் வாயில் நுழையாத ஒரு ஜப்பான் பெயர். அம்மா அதன் நிறத்தைப் பார்த்ததும் "செவலை" என்றாள், அவ்வளவுதான், அந்தப் பெயரே நின்றுவிட்டது. எட்டு வருஷம் ஆகிறது. வாரத்துக்கு ஒருவராவது என்னைப் பிடித்து, அகிடா எப்படிண்ணே, வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் பேசித் தொண்டை கட்டிவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

ஹாச்சிகோவைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஹாச்சிகோ கதையில் இருந்துதான் வருகிறார்கள். கதை உண்மைதான். 1923 நவம்பரில் அகிதா மாகாணத்தில் ஒடாடே ஊர்ப்பக்கம் பிறந்த நாய், டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பேராசிரியராக இருந்த உவெனோ வீட்டுக்கு மறு வருஷம் வந்தது. அவர் 1925 மே மாதம் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனார். அது 1935 மார்ச் 8ஆம் தேதி சாகும்வரை, அவர் வழக்கமாக வந்து இறங்கும் ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அவரோடு இருந்தது ஒன்றரை வருஷம்கூட இல்லை, காத்திருந்தது ஒன்பதரை வருஷத்துக்கு மேல்.

இதைப் படித்தால் எல்லாருக்கும் விசுவாசம்தான் கண்ணில் படுகிறது. வளர்த்த பிறகு எனக்கு இன்னொன்றும் படுகிறது. ஒருத்தரை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் நாய், மற்றவர்களை அதே அளவுக்குச் சட்டை செய்யாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் வாலாட்டி மடியில் ஏறும் லாப்ரடாரை மனதில் வைத்துக்கொண்டு இதை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். என் மாமா எட்டு வருஷமாக மாதம் ஒருமுறை வருகிறார், பிஸ்கட் வாங்கி வருகிறார், செவலை பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு போய் வேறு அறையில் சாப்பிடும். மாமாவுக்கு இன்னும் மனக்குறை தீரவில்லை.

எங்கிருந்து வந்த குணம் இது

ஜப்பானின் சொந்த நாய் இனங்கள் ஆறு. அதில் ஷிபா சிறியது, நான்கு இனம் நடுத்தரம், பெரியது அகிதா ஒன்றுதான். ஹொன்ஷு தீவின் வடக்கே பனி கொட்டும் மலைப்பிரதேசத்தில், மதாகி என்று சொல்லப்படும் வேட்டைக்காரர்கள் கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் பின்னால் கூட்டிப்போன நாய்களின் வழியில் வந்தது. கரடியை மறித்து நிறுத்தி, ஆள் வரும்வரை விடாமல் நிற்க வேண்டிய வேலை, அந்த இடத்தில் என்ன செய்வது என்று தானே முடிவெடுத்துப் பழகிய நாய். அப்புறம் ஒடாடே பக்கம் நாய்ச்சண்டை பிரபலமாகி, அதற்காக தோசா, மாஸ்டிஃப் போன்ற பெரிய இனங்களோடு கலந்தார்கள். பழைய நாயே காணாமல் போய்விடும் என்று பயந்து 1927இல் அங்கே பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள், 1931இல் அரசாங்கம் இதை இயற்கை நினைவுச்சின்னம் என்று அறிவித்தது. இரண்டாம் உலகப் போரில் தோலுக்காக நாய்களைப் பிடித்தபோது ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மட்டும் விலக்கு இருந்ததால், தப்பிக்க வைக்க அதோடும் கலந்தார்கள்.

இந்த வரலாறு எதற்கு என்றால், இன்று "அகிதா" என்று விற்பது இரண்டு நாய். ஜப்பான் அகிதா கொஞ்சம் ஒல்லி, நரி முகம், செவலை அல்லது வெள்ளை அல்லது வரி போட்ட நிறம், கன்னமும் வயிறும் வெளுத்திருக்கும், ஆண் நாய் தோள்வரை சுமார் 67 சென்டிமீட்டர், பெண் 61. முகத்தில் கருப்பு முகமூடி இருக்கக் கூடாது. அமெரிக்க அகிதா கனத்த எலும்பு, கரடித் தலை, எந்த நிறமும் வரும், ஆண் நாய் 45 முதல் 59 கிலோ வரை போகும். விற்கிறவர் எது என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் அவருக்கே தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 30 கிலோ நாயைத் தெருவில் பிடித்து நிறுத்துவதும் 55 கிலோ நாயைப் பிடித்து நிறுத்துவதும் ஒன்றில்லை. என் எடை 62.

சத்தம் போடாது, அதுதான் சிக்கல்

நாட்டு நாய் தெருமுனையில் ஆள் திரும்பும்போதே கத்தி ஊரைக் கூட்டிவிடும். உங்களுக்கும் தெரியும், வருகிறவருக்கும் தெரியும், ஆளுக்கு ஒரு அடி பின்வாங்கிக்கொள்ளலாம். அகிதா அந்த வசதியைத் தராது. பகலெல்லாம் பூனை மாதிரி காலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு மூலையில் கிடக்கும். கேட் திறந்தால் குரைக்காமல் எழுந்து போய், வந்தவருக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கும். அவ்வளவுதான் செய்யும். சிலிண்டர் தம்பி முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "குரைக்கவே மாட்டேங்குதேண்ணா, ரொம்ப சாது போல" என்று சொல்லிக்கொண்டே தலையைத் தடவக் கையை நீட்டினான். நான் கத்திய கத்தலில் அவன்தான் பயந்தான், நாய் அசையவே இல்லை.

ஆகவே நாயைப் பழக்குவதற்கு முன் நீங்கள் படிக்கப் பழக வேண்டும். வாலைப் பார்த்துக் கணிக்கலாம் என்றால் அது எப்போதும் முதுகின் மேல் சுருண்டே கிடக்கிறது, ஆட்டுகிறதா இல்லையா என்று தெரியாது. பிடரி முடி சிலிர்ப்பதும் அந்த அடர்ந்த ரோமத்தில் சட்டென்று கண்ணில் படாது. கண்ணோ சின்னக் கண், முக்கோணமாக. மிச்சம் இருப்பது வாய்தான். நம் ஊர் வெயிலில் அது பாதி நேரம் மூச்சிரைத்துக்கொண்டுதான் இருக்கும், அந்தத் திறந்த வாய் சட்டென்று மூடிக்கொண்டால் ஏதோ ஒன்று மனதில் பட்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்து காதுகள் இரண்டும் முன்னால் சாய்ந்து நெருங்கும், கழுத்து நீண்டு முதுகோடு ஒரே கோட்டில் வரும், உடம்பு விறைக்கும். இந்த மூன்றும் நடக்க மூன்று விநாடிகூட ஆகாது. வாய் மூடும்போதே நீங்கள் கவனித்துவிட்டால் வேலை சுலபம்: செயினைச் சுண்டி இழுக்காமல், கத்தாமல், பழகிய ஒரு சொல்லைச் சொல்லித் திரும்பி நடங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் "வா, போலாம்". அதை வீட்டுக்குள் எதுவும் நடக்காத நேரத்தில் ஆயிரம் தடவை சொல்லி, ஒவ்வொரு தடவையும் வாயில் ஒரு துண்டு கறி வைத்துப் பழக்கியிருக்க வேண்டும். தெருவில் போய்த்தான் தொடங்குவேன் என்றால் நடக்காது.

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது அது உங்களுக்குக் கொடுக்கும் கடைசி மரியாதை. அடித்து அதை நிறுத்திவிட்டால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். ஆனால் எல்லாச் சத்தமும் உறுமல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டுக்கு நேரமானால், நான் லேட்டாக வந்தால், செவலை என்னைச் சுற்றி வந்து முணுமுணுக்கும், அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு வந்து முணுமுணுப்பாளே, அதே தாளம். இந்த இனத்துக்கே அந்தப் பழக்கம் உண்டு. இன்னொன்று, மணிக்கட்டை வாயால் மென்மையாகக் கவ்விப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அதுவும் இனத்துக்கே உள்ளது, கடி இல்லை. ஆனால் வந்த விருந்தாளிக்கு அது தெரியுமா? அதனால் குட்டியிலேயே பழைய துண்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்து, யாரைப் பார்த்தாலும் முதலில் துண்டைக் கவ்விக்கொள்ளும்படி பழக்கிவிட்டால் நல்லது. செவலைக்கு நான் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கினேன், இருந்தும் பிடித்துக்கொண்டது.

விருந்தாளி வந்தால் எங்கள் வீட்டு முறை இது. மணி அடித்ததும் செவலை உள் அறைக்குப் போய்விடும், கதவுக்குப் பதில் அங்கே இடுப்பளவு ஒரு தடுப்பு. வந்தவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, காபியும் வந்த பிறகுதான் திறப்பேன். நாயைப் பார்க்காதீர்கள், கூப்பிடாதீர்கள், அது வந்து மோந்தால் மோந்துவிட்டுப் போகட்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுவேன். கேட்காதவர்கள் இருப்பார்கள், "எனக்கு நாய்ன்னா பயமே இல்ல, நாங்க வளர்க்காத நாயா" என்று நேராகக் கையை நீட்டுவார்கள். அவர்கள் இருக்கும்வரை தடுப்பு மூடியே இருக்கும், எனக்கு அதில் வெட்கமே கிடையாது. சின்னக் குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கறார். வீட்டுக் குழந்தையோடு பழகிவிடும், பாசமாகவே இருக்கும், ஆனால் அந்தக் குழந்தையின் நண்பர்கள் வந்து கூச்சல் போட்டு ஒருவரை ஒருவர் துரத்தி விளையாடும்போது, நம் பிள்ளையை யாரோ அடிக்கிறார்கள் என்று அது முடிவு செய்துவிடலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் விடவே கூடாது.

சாப்பாட்டுத் தட்டிலும் அப்படித்தான். அது சாப்பிடும்போது யாரும் பக்கத்தில் போக வேண்டாம். தட்டைப் பிடுங்கிப் பிடுங்கிப் பழக்கினால் யார் எஜமான் என்று தெரிந்துவிடும் என்று சொல்லும் ஆட்கள் நிறைய, அது சண்டைக்குத்தான் பழக்கும். மாறாக, குட்டியாக இருக்கும்போது போகிற போக்கில் தட்டில் இன்னும் நல்லதாக ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டே இருங்கள், ஆள் வந்தால் லாபம் என்று புரிந்துகொள்ளும்.

தெருவில் கூட்டிப்போவது

மற்ற நாய்களோடு, முக்கியமாகத் தன் பாலைச் சேர்ந்த நாயோடு, இது ஒத்துப்போகாது. ஆண் இருக்கிற வீட்டில் இன்னொரு ஆணைக் கொண்டுவராதீர்கள், பெண்ணுக்குப் பெண்ணும் அப்படியே. குட்டியாக ஒன்றாக விளையாடும், ஒன்றரை இரண்டு வயதில் ஒருநாள் திடீரென்று மாறும், அதற்கப்புறம் திரும்பாது. பூனை, கோழி, ஆட்டுக்குட்டி எல்லாம் அதன் கண்ணுக்கு வேட்டைதான்.

இதை வைத்துக்கொண்டு நம் தெருக்களை நினைத்துப் பாருங்கள். மஞ்சக்குப்பத்திலும் சரி, திருப்பாதிரிப்புலியூரிலும் சரி, முத்தியால்பேட்டையிலும் சரி, தெருவுக்கு நான்கு நாய், அவற்றுக்கென்று எல்லை. நீங்கள் ஓரமாகப் போனாலும் அவை வரும். செயின் இல்லாமல் ஒரு அடிகூட வெளியே விடக்கூடாது, எவ்வளவு பழக்கியிருந்தாலும் சரி. நான் கழுத்துப்பட்டையில் ஒரு செயின், மார்புப்பட்டையில் ஒன்று என்று இரண்டு போடுவேன், ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கும். கூடை மாதிரி இருக்கும் வாய்ப்பூட்டைக் குட்டியிலேயே பழக்கிவிடுங்கள், அதற்குள் கறித்துண்டை வைத்து, தானாக முகத்தை நுழைக்கும்வரை நாள்கணக்கில் பொறுமையாக. வாய் திறந்து மூச்சுவிட முடிகிற கூடையாக இருக்க வேண்டும், துணியால் இறுக்கிக் கட்டுவது நம் வெயிலுக்கு ஆபத்து.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், நாயைக் கூட்டிப்போக அருமையான இடம் என்று எல்லாரும் சொல்வார்கள். லாப்ரடாருக்கு அருமைதான். கூட்டம், ஐஸ்க்ரீம், ஓடும் குழந்தைகள், பத்து அடிக்கு ஒரு நாய், அகிதாவுக்கு அது தேர்வு அறை. ஒரே ஒரு தடவை கூட்டிப்போனேன், காந்தி சிலையைத் தாண்டவில்லை, திரும்பிவிட்டோம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச் விடிகாலை 5 மணிக்குச் சரி, மீன் வண்டிகளும் நடைப்பயிற்சிக்காரர்களும் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். மாசி மகத்தன்று அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். கடலில் நனைந்தால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, உள்ரோமம் வரை காயவைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டே நாளில் தோலில் சிவந்த புண் வரும்.

வெயில்

பனி ஊர் நாய்க்கு இரண்டு அடுக்கு ரோமம். மேலே முரட்டு முடி, உள்ளே பஞ்சு. அக்னி நட்சத்திரத்தில் கடலூரில் வெயில் 40 டிகிரியைத் தொடும், அதோடு கடல் காற்றின் பிசுபிசுப்பும் சேர்ந்தால் மூச்சிரைத்துச் சூட்டை வெளியேற்றும் அதன் முக்கிய வழியும் பாதி அடைபட்டுவிடும். ஏசி இல்லாமல் இந்த ஊரில் அகிதா வளர்க்கலாமா என்று கேட்டால், என் பதில் கூடாது என்பதுதான். ஏசி மட்டும் போதாது, மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். எங்கள் இன்வெர்ட்டர் ஏசியைத் தாங்காது. அதனால் கிழக்குப் பக்க அறையில் பழைய சிவப்பு ஆக்சைடு தரையை மாற்றாமல் வைத்திருக்கிறோம், ஃபேன் போட்டு, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் செவலை அங்கே நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தவளை மாதிரி படுத்துக்கொள்ளும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் பகுதிக்கு எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் போனது என்று கடலூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். அது குளிர்காலம். அதே மாதிரி மே மாதத்தில் வந்தால் எங்கே கூட்டிப்போவது என்று ஒரு வீட்டை முன்னாலேயே பேசிவைத்திருக்கிறேன்.

நடை விடியும் முன், இல்லாவிட்டால் இரவு 9 மணிக்கு மேல். ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. கோடையில் மொட்டை அடித்துவிடலாமே என்று எல்லாரும் சொல்வார்கள், முடி வெட்டுகிற ஆளே சொல்வார். வேண்டாம். அந்த ரோமம் வெயிலையும் ஓரளவு தடுக்கிறது, மழித்தால் திரும்ப ஒழுங்காக முளைக்காமலும் போகலாம். செய்ய வேண்டியது உதிர்ந்த உள்முடியை வாரி எடுப்பது. வருஷத்துக்கு இரண்டு முறை கொத்துக்கொத்தாகக் கொட்டும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு, எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க கொஞ்சம் கொஞ்சம், நடுநடுவே ஒரு பெரிய கொட்டல். சாம்பாரில் முடி கிடந்தால் கோபப்படுகிற வீடு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

நாக்கு தடித்து நீண்டு தொங்குகிறது, ஈறு கருஞ்சிவப்பாகிறது, எச்சில் கெட்டியாக வடிகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் வெப்பத் தாக்கு. நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி, 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வண்டி பிடிப்பதற்கு முன் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க, முக்கியமாக அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி, ஃபேன் காற்றில் வையுங்கள், அப்புறம் மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடிவைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

கொசு, உண்ணி, வெங்காயம்

ஹாச்சிகோ மறுபடி வருகிறது. அது செத்தபோது அறுத்துப் பார்த்ததில் இதயத்தில் ஃபைலேரியா புழு இருந்தது, பாதுகாத்து வைத்த உறுப்புகளை 2011இல் மறுபடி ஆராய்ந்தபோது நுரையீரலிலும் இதயத்திலும் புற்றுநோயும் இருந்தது தெரியவந்தது. ஃபைலேரியா என்றால் நமக்குப் புதிதில்லை, யானைக்கால் நோயும் கொசுவும் இந்தப் பக்கத்துக்கு எவ்வளவு பழக்கம் என்பதால்தான் 1975இலேயே புதுச்சேரியில் கொசு ஆராய்ச்சி மையம் வைத்தார்கள். மனிதருக்கு வரும் புழு வேறு, நாய்க்கு வரும் இதயப்புழு வேறு, ஆனால் கொண்டுவருவது கொசுதான். மாதாமாதம் கொடுக்கும் தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்டு, ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத் தொடங்குங்கள். இந்த ஊரில் உண்ணிக் காய்ச்சல் அதைவிடச் சாதாரணம், அந்த ரோமத்துக்குள் உண்ணியைத் தேட விரல்தான் வழி, காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் தினமும்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஹெலன் கெல்லர் 1937இல் ஜப்பானில் இருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன அகிதா குட்டி, போன கொஞ்ச நாளிலேயே டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயில் செத்துப்போனது, அப்புறம்தான் அதன் உடன்பிறப்பை 1939இல் அனுப்பிவைத்தார்கள். இன்று ஊசி இருக்கிறது.

வெங்காயம் எந்த நாய்க்கும் ஆகாது, இதற்கு இன்னும் ஆகாது. பல அகிதாக்களின் சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் மற்ற நாய்களைவிட அதிகம், அந்த வகைச் சிவப்பணு வெங்காயத்துக்குச் சீக்கிரம் உடைகிறது. நம் வீட்டுச் சாப்பாட்டில் வெங்காயம் இல்லாதது எது சொல்லுங்கள்? சாம்பார் சாதம், சால்னா, பிரியாணி எலும்பு எல்லாம் கூடாது. சர்க்கரைப் பொங்கலில் திராட்சை இருக்கும், அதுவும் கூடாது. "ஒரு வாய்தானே" என்று கொடுப்பது எப்போதும் பாட்டிதான், எங்கள் வீட்டில் அம்மா. அவளுக்கென்று தனியாக உப்பும் வெங்காயமும் போடாமல் வேகவைத்து முள் எடுத்த நெத்திலியை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், ஆசைக்குக் கொடுக்க. அதே பொட்டாசியம் இன்னொரு குழப்பமும் செய்யும்: எடுத்த ரத்தம் ஆய்வகத்துக்குப் போகத் தாமதமானால் சிவப்பணு உடைந்து, ரிப்போர்ட்டில் பொட்டாசியம் பயமுறுத்தும் அளவுக்குக் காட்டலாம். செவலைக்கு ஒருமுறை அப்படி வந்து சிறுநீரகம் போய்விட்டதோ என்று இரண்டு நாள் வீடே சாப்பிடவில்லை. இது அகிதா என்று மருத்துவருக்கு நினைவுபடுத்துங்கள்.

வயிறு உப்பித் திருகிக்கொள்வது பெரிய நாய்களுக்கு வரும், ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் வயிறு உப்பினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கண் சிவந்து கலங்கி, கருப்பாக இருந்த மூக்கும் உதடும் வெளுக்கத் தொடங்கினாலும் அன்றைக்கே காட்டுங்கள், உடம்பே தன் நிறமிகளைத் தாக்கும் ஒரு நோய் இந்த இனத்தில் உண்டு, தாமதித்தால் பார்வை போகும். பெரிய சிக்கல் என்றால் நான் புதுச்சேரி குரும்பாப்பட்டு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் போவேன்.

பழக்குவது, வாங்குவது

புத்திக்குக் குறைவில்லை. "உட்கார்" என்றால் மூன்று தடவை உட்காரும், நான்காவது தடவை, இப்போதுதானே உட்கார்ந்தேன் என்பது போல் உங்களைப் பார்க்கும். அதனால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பாடம் எடுக்காதீர்கள். மலம் சிறுநீர் விஷயத்தில் இதைப் போலச் சுத்தமான நாயை நான் பார்த்ததில்லை, ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அடித்துப் பழக்குகிற ஆள் ஒருவரைத் தெரியாமல் வரவழைத்தேன். செயினைச் சுண்டி இழுத்து இரண்டு நாள் வித்தை காட்டினார், மூன்றாம் நாள் அவர் பைக் சத்தம் கேட்டதுமே செவலையின் வாய் மூடிக்கொண்டது. பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். குட்டிக்கு 3 வாரத்தில் இருந்து 14 வாரம் வரைக்கும் பார்க்கிற மனிதர்களும் சத்தங்களும்தான் அதற்கு உலகம். தடுப்பூசி முடியும்வரை தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போய், குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர், மீன் கூடைக்காரம்மா, நாதஸ்வரம் எல்லாவற்றையும் தூரத்தில் இருந்து காட்டிவிடுங்கள். தம்பி ஃபிளாட்டிலேயே பூட்டி வைத்ததன் பலனைத்தான் நான் இன்றுவரை அனுபவிக்கிறேன்.

வாங்குவதில் மூன்று விஷயம். தாய் நாயை நேரில் பாருங்கள், அது உங்களை எப்படிப் பார்க்கிறது என்று பாருங்கள், குட்டியின் குணம் பாதி அங்கே தெரிந்துவிடும். "வெளிநாட்டில் இருந்து இறக்கியது" என்றால் காகிதம் கேளுங்கள், விற்பதற்காக நாய் இறக்குமதி செய்வதற்கு 2016இல் இருந்தே தடை இருக்கிறது. மூன்றாவது சட்டம். 2024 மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், ஆபத்தானவை என்று சொல்லித் தடை செய்யக் கேட்ட 23 வகை நாய்களில் அகிதாவும் இருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஊர் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ, கால்நடைத் துறையிலோ இன்றைய நிலை என்ன, உரிமம் எப்படி என்று நேரில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஊருக்குப் போவது. பத்து வருஷத்துக்கு மேல் வாழும் நாய் இது, அதுவரை குடும்பமாக எல்லாரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போவது கஷ்டம். காப்பகத்தில் விட்டால் மற்ற நாய்களோடு ஒத்துவராது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து சோறு வைக்கலாம் என்றால் கேட்டுக்குள் விடாது. ஆகவே வீட்டாரைத் தவிர ஒரே ஒருவரையாவது குட்டியில் இருந்தே பழக்கிவையுங்கள், வாரத்துக்கு இரண்டு நாள் அவர் கையால் சாப்பிடட்டும், அவரோடு தனியாக நடந்துவிட்டு வரட்டும். எங்களுக்கு அது பூக்காரம்மா. கொண்டி மாற்றிய நாளில் இருந்து அவர் மட்டும்தான் கேட்டை வெளியே இருந்தே திறக்கத் தெரிந்தவர், ஃபெங்கல் புயலன்று நான் புதுச்சேரியில் மாட்டிக்கொண்டு இரவு வர முடியாமல் போனபோது, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து அவர்தான் சோறு வைத்துவிட்டுப் போனார். சாப்பிட்டுவிட்டு விடியும்வரை கேட்டைப் பார்த்துக்கொண்டே திண்ணையில் படுத்திருந்ததாம், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை என்று அம்மா சொன்னாள்.